அந்த நிறமெல்லாம் நிஜமா? – விண்வெளிப் படங்கள் பற்றி வாசகர் கேள்விகள்

கேள்வி: நெபுலா (விண்வெளியில் பரந்து கிடக்கும் வாயு, தூசி மேகம்) படங்களில் வரும் நீலம், பச்சை, ஆரஞ்செல்லாம் உண்மையான நிறங்களா, இல்லை உட்கார்ந்து பூசிவிடுகிறார்களா?

பதில்: இந்த முறை வந்த கேள்விகளில் பாதி இதுதான், வேறு வேறு வார்த்தைகளில். பூசத்தான் செய்கிறார்கள், ஆனால் இஷ்டத்துக்கு இல்லை. ஹப்பிள் தொலைநோக்கியின் கேமராவுக்கு நிறம் தெரியாது, எவ்வளவு வெளிச்சம் வந்தது என்று மட்டும்தான் அளக்கும். அதனால் குறிப்பிட்ட ஒளியை மட்டும் உள்ளே விடும் ஒரு ஃபில்டரைப் போட்டு ஒரு கறுப்பு வெள்ளைப் படம், ஃபில்டரை மாற்றி இன்னொன்று, அப்புறம் மூன்றாவது என்று எடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம் கொடுத்து ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்குகிறார்கள். 1995-ல் எடுத்த 'படைப்பின் தூண்கள்' படத்தைப் பார்க்காதவர்கள் குறைவு. சுமார் 6,500 ஒளியாண்டு தொலைவில், கழுகு நெபுலாவுக்குள் வாயுவும் தூசியும் தூண்தூணாக எழும்பி நிற்கும் இடம். அதில் கந்தகத்துக்குச் சிவப்பு, ஹைட்ரஜனுக்குப் பச்சை, ஆக்ஸிஜனுக்கு நீலம் கொடுத்தார்கள். உண்மையில் அந்தக் கந்தகமும் ஹைட்ரஜனும் இரண்டுமே சிவப்பு ஒளியைத்தான் விடுகின்றன. அப்படியே விட்டிருந்தால் எது எங்கே இருக்கிறது என்று பிரிக்கவே முடியாது. அதற்காக, அலைநீளம் அதிகமானதற்குச் சிவப்பு, நடுவில் இருப்பதற்குப் பச்சை, குறைந்ததற்கு நீலம் என்று வரிசையை மாற்றாமல் நிறங்களை மட்டும் தள்ளி வைத்தார்கள். இதைப் பொய் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கண்ணால் பார்த்தால் இப்படித்தான் இருக்கும் என்று யாராவது சொன்னால், அதுதான் பொய்.

அதே படத்தில் ஒரு மூலை படிக்கட்டு மாதிரி வெட்டுப்பட்டுக் கறுப்பாக இருக்குமே, எதையோ மறைத்துவிட்டார்கள் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். ஒன்றும் மறைக்கவில்லை. அந்தக் கேமராவில் ஒளியைப் பதியும் சில்லுகள் நான்கு. அதில் ஒன்று மட்டும் வானத்தின் சின்னப் பகுதியைக் கூடுதலாகப் பெரிதுபடுத்திக் காட்டும். மற்ற மூன்றோடு ஒட்ட வேண்டுமென்றால் அதைச் சுருக்கியாக வேண்டும், சுருக்கினால் அந்த மூலையில் காலி இடம் விழுந்துவிடும்.

கேள்வி: ஜேம்ஸ் வெப் படங்களில் நட்சத்திரங்களுக்கு மட்டும் ஏன் முள் முளைத்திருக்கிறது?

பதில்: அது நட்சத்திரத்தில் இல்லை, தொலைநோக்கியில் இருக்கிறது. வெப்பின் 6.5 மீட்டர் கண்ணாடி 18 அறுகோணத் துண்டுகளால் ஆனது. அந்த விளிம்புகளிலும், முன்னால் நிற்கும் தாங்கு கம்பிகளிலும் ஒளி வளைந்து சிதறுவதால் ஆறு பெரிய முள்ளும், கிடைமட்டமாக இரண்டு குட்டி முள்ளும் வருகின்றன. ஹப்பிளில் நான்குதான். எந்தத் தொலைநோக்கி எடுத்த படம் என்று முள்ளை எண்ணியே சொல்லிவிடலாம்.

கேள்வி: நெப்டியூன் அடர்நீலம் இல்லையாமே? இத்தனை காலம் ஏமாந்தோமா?

பதில்: கோபம் நியாயம்தான், ஆனால் ஏமாற்றியவர் என்று யாரையும் கைகாட்ட முடியாது. 1989-ல் வாயேஜர் 2 விண்கலம் நெப்டியூனைக் கடந்து போனபோது, மேகங்களும் பட்டைகளும் எடுப்பாகத் தெரியட்டும் என்று படங்களின் கான்ட்ராஸ்ட்டைக் கூட்டினார்கள். கூட்டியிருக்கிறோம் என்று படக்குறிப்பில் எழுதவும் செய்தார்கள். படம் கைமாறிக் கைமாறிப் போனதில் குறிப்பு உதிர்ந்துவிட்டது, நீலம் மட்டும் தங்கிவிட்டது. 2024-ல் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் ஹப்பிள் முதலான தொலைநோக்கிகளின் தரவை வைத்து மறுபடி கணக்குப் போட்டதில், யுரேனஸும் நெப்டியூனும் ஏறக்குறைய ஒரே மாதிரி வெளிர் பச்சை கலந்த நீலம் என்று வந்தது. நெப்டியூனில் நீலம் ஒரு பிடி தூக்கல், அவ்வளவே.

கேள்வி: நிலவில் எடுத்த அப்பல்லோ படங்களில் ஒரு நட்சத்திரம்கூட இல்லையே?

பதில்: அங்கே அப்போது பகல். வெயிலில் பளீரென்று இருக்கும் தரையையும் வெள்ளை உடையையும் எடுக்க கேமரா கண் இமைக்கும் நேரம்தான் திறக்கும், அதற்குள் நட்சத்திர ஒளி பதியாது. பௌர்ணமி நிலாவை, அதன் கறைகள் தெரியும் அளவுக்கு உங்கள் போனில் எடுத்துப் பாருங்கள். சுற்றிலும் கறுப்பாகத்தான் வரும்.

கேள்வி: செவ்வாயில் சூரியன் மறையும்போது வானம் நீலமாக இருக்கும் படம் வந்ததே, அதுவும் பூசியதா?

பதில்: இல்லை, இது நிஜம். அங்கே காற்றில் மிதக்கும் நுண்தூசியின் அளவு, நீல ஒளியைச் சூரியனை ஒட்டிய திசையிலேயே அதிகம் அனுப்பும்படி அமைந்திருக்கிறது. 2015-ல் செவ்வாயில் ஊர்ந்து திரியும் கியூரியாசிட்டி வண்டி எடுத்த படத்தில் நன்றாகத் தெரியும்.

கேள்வி: கம்ப்யூட்டர் இவ்வளவு வளராத காலத்தில் கிரகப் படங்களை எப்படி உருவாக்கினார்கள்?

பதில்: எனக்கு ரொம்பப் பிடித்த கேள்வி. 1965 ஜூலையில் மாரினர் 4 விண்கலம் செவ்வாயை நெருங்கிக் கடந்தபோது எடுத்த ஒவ்வொரு படமும் 200-க்கு 200 புள்ளிகள்தான். அவை நொடிக்கு எட்டு பிட் சொச்சம் வேகத்தில் சொட்டுச் சொட்டாக வந்தன, ஒரு படம் வந்து சேரவே 8 மணி நேரம். நாசாவின் ஜெட் புரொபல்ஷன் ஆய்வகத்தின் பொறியாளர்களுக்குப் படம் தயாராகும்வரை பொறுமை இல்லை. ஒவ்வொரு புள்ளியின் வெளிச்ச அளவும் எண்ணாக அச்சாகி வந்த காகிதப் பட்டைகளைப் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி, இந்த எண்ணிலிருந்து இந்த எண்வரை இந்த நிறம் என்று முடிவுசெய்து, பேஸ்டல் குச்சிகளால் கையாலேயே வண்ணம் தீட்டிவிட்டார்கள்! பழுப்பு, சிவப்பு, மஞ்சள். நிறங்கள் அவர்கள் தேர்ந்தவை, எண்கள் செவ்வாயிலிருந்து வந்தவை. இன்றைக்குக் கம்ப்யூட்டர் செய்வதும் அடிப்படையில் இதே வேலைதான்.

கேள்வி: விஞ்ஞானி இல்லாத நானும் இப்படிப் படம் செய்ய முடியுமா?

பதில்: தாராளமாக. 2016 முதல் வியாழனைச் சுற்றிவரும் ஜூனோ விண்கலத்தின் கேமரா, பெரும்பாலும் பொதுமக்களுக்காகவே வைக்கப்பட்டது. மூலப் படங்களை இணையத்தில் அப்படியே போட்டுவிடுகிறார்கள், நீங்கள் பார்த்து அசந்த வியாழன் சுழல்கள் பலவும் ஆர்வலர்கள் செய்தவைதான். ஆனால் முதலில் திறந்தவுடன் பயந்துவிடாதீர்கள். ஜூனோ நிமிடத்துக்கு இரண்டு சுற்று சுற்றிக்கொண்டே எடுப்பதால் படம் மெல்லிய கீற்றுகளாகத்தான் இருக்கும். அவற்றைச் சரியாகப் பொருத்துவதுதான் பாதி வேலை. நிறத்தைக் கூட்டினால், கூட்டினேன் என்று கீழே ஒரு வரி எழுதிவிடுங்கள்.