ராங் சைடில் வந்தவர்

வணக்கம் சார்,

22 வருடமாக கார் ஓட்டுகிறேன், ஒரு கீறல் கிடையாது. போன வாரம் பைபாஸில் ஒருவர் பைக்கில் மனைவி, குழந்தையோடு ராங் சைடில் நேரே வந்தார். சடன் பிரேக் அடித்து நிறுத்தினேன். "இந்த பங்க் வரைக்கும்தானே, பார்த்துப் போங்க" என்று எனக்கே சொல்லிவிட்டுப் போனார். நம் ஜனங்களுக்கு உயிர் பயமே இல்லையா? இதற்கு உளவியல் ஏதாவது சொல்கிறதா, இல்லை வெறும் திமிரா?

செந்தில், திருச்சி

அன்புள்ள செந்தில்,

திமிர் பிடித்தவர் குழந்தையை முன்னால் உட்காரவைத்துக்கொண்டு வரமாட்டார். முறையாகப் போக யூ-டர்ன் ரொம்ப தூரம் தள்ளி இருந்திருக்கும். முதல் தடவை ராங் சைடில் வந்தபோது அவருக்கும் நெஞ்சு படபடத்திருக்கும். ஒன்றும் ஆகவில்லை, ஐந்து நிமிஷம் மிச்சம். மறுநாளும் ஆகவில்லை. நூறாவது தடவை வரும்போது தவறு என்ற நினைப்பே போயிருக்கும். லாபம் அன்றன்றைக்குக் கிடைக்கிறது, ஆபத்து என்றைக்கோ ஒருநாள். அன்றன்றைக்குக் கிடைப்பதை வைத்துத்தான் மனம் பழகுகிறது. கண்ணாடியில் தொங்கும் ஹெல்மெட், தூரத்தில் காக்கிச்சட்டை தெரிந்ததும் தலைக்கு ஏறுவதும் இதே கணக்குதான்.

உயிர் பயம் எல்லோருக்கும் உண்டு, ஆனால் அது தேய்ந்துவிடும். 1967 செப்டம்பர் 3 அதிகாலை ஐந்து மணிக்கு சுவீடன் நாடே இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்கு மாறியது. விபத்து குவியும் என்றுதான் யாருக்கும் தோன்றும். குறைந்தது! பழகாத பக்கம் என்ற பயத்தில் எல்லோரும் பார்த்துப் பார்த்து ஓட்டினார்கள். புதுப்பக்கம் பழகியது, இரண்டு வருடத்துக்குள் விபத்துக் கணக்கு பழைய இடத்துக்கே வந்துவிட்டது.

கோபித்துக்கொள்ளாதீர்கள், உங்கள் கீறல் இல்லாத 22 வருடமும் அந்த பைக்காரர் படித்த அதே பள்ளிக்கூடம்தான். ஓலா ஸ்வென்சன் என்ற உளவியலாளர் (டாக்ஸி ஓலா இல்லை) 1981இல் வெளியிட்ட ஆய்வில், வண்டி ஓட்டும் திறமையில் பாதிப் பேரைவிட நாங்கள் மேல் என்று சொன்ன அமெரிக்க மாணவர்கள் 93 சதவீதம். சுவீடன்காரர்கள் கொஞ்சம் அடக்கம், 69. என்னைக் கேட்டிருந்தால் நானும் அந்த 93இல்தான் நின்றிருப்பேன்.

உங்கள் கடிதத்தில் ஒன்று விட்டுப்போயிருக்கிறது: உங்கள் வேகம். நாலுவழிச் சாலையில் அரைமணி நேரம் நூறில் வந்தவருக்கு எழுபது என்பது ஊர்கிற மாதிரி இருக்கும், கண் அப்படிப் பழகிவிடும். எழுபதில் கார் வினாடிக்கு 19 மீட்டருக்கு மேல் போகிறது. ஆளைப் பார்த்து, பிரேக்குக்குக் கால் போவதற்குள்ளேயே ஒரு வினாடி போய்விடும். அன்றைக்கு மீட்டர் முள் எங்கே இருந்தது என்று ஞாபகம் இருந்தால் எழுதுங்கள்.