2147483647 பகா எண்ணாக இருப்பது தற்செயலா?

நிரல்களில் முழு எண்ணைச் சேமிக்கும் இன்ட் மாறியின் உச்ச மதிப்பான 2147483647 பகா எண்ணாக இருப்பதற்குக் காரணம் ஏதும் உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். தற்செயல்தான். அதன் 32 பிட்டில் (0 அல்லது 1 எழுதும் இடங்களில்) ஒன்று கூட்டல்-கழித்தல் குறிக்குப் போய்விடும், மிச்சம் 31 பிட்டிலும் 1 போட்டால் 2³¹ − 1 வந்துவிடுகிறது. இதே வழியில் 16 பிட்டுக்கு வரும் 32767ஐ 7 மீதியில்லாமல் வகுக்கும். 64 பிட்டின் உச்சமும் 7இன் மடங்குதான். அடுக்கு (இங்கே 31) பகா எண்ணாக இருந்தால் ஒரு வாய்ப்பு உண்டு, அவ்வளவே. 2¹¹ − 1 = 2047 = 23 × 89, அங்கே அந்த வாய்ப்பு பலிக்கவில்லை.

இப்படி 2ⁿ − 1 வடிவில் அமையும் பகா எண்களுக்கு மெர்சென் பகா எண்கள் என்று பெயர். 2147483647 அவற்றில் எட்டாவது. பிரெஞ்சுத் துறவியும் கணிதவியலாளருமான மெர்சென், 2ⁿ − 1 பகா எண்ணாக வரும் n மதிப்புகள் என்று 1644இல் போட்ட பட்டியலில் 31 இருந்தது, ஆனால் அதே பட்டியலில் 67, 257 என்று தப்பானவையும் இருந்தன. 31 சரிதான் என்று நிறுவியவர் கணிதமேதை ஆய்லர், 1772இல். அப்போது அவருக்குக் கண்பார்வை ஏறக்குறைய முழுதும் போயிருந்தது!

எனக்குப் பிடித்தது அவர் வேலையைக் குறைத்த விதம். சாதாரணமாகப் பார்த்தால், வர்க்கமூலமான 46340 வரையுள்ள நாலாயிரத்துச் சொச்சம் பகா எண்களாலும் வகுத்துப் பார்க்க வேண்டும். ஆனால் இந்த எண்ணை வகுக்கும் எந்தப் பகா எண்ணையும் 62ஆல் வகுத்தால் மீதி 1, 8ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7 என்று நிறுவலாம். இரண்டையும் சேர்த்தால், 248ஆல் வகுக்கும்போது 1 அல்லது 63 மீதி வரும் எண்களை மட்டும் பார்த்தால் போதும்: 63, 249, 311, 497, 559... இவற்றிலும் பகு எண்களைத் தள்ளிவிடலாம். 249 = 3 × 83, 497 = 7 × 71, 559 = 13 × 43. 1300 வரை போனாலும் தேறுவது 311 ஒன்றுதான். வகுத்துப் பாருங்கள், மீதி 35. அடுத்தது நேராக 1303.

நம் 2147483647ஐ 2³⁰ஆல் பெருக்கினால் எட்டாவது நிறைவு எண் (தன்னைத் தவிர்த்த வகுத்திகளின் கூட்டுத்தொகை தானேயாக வருவது) கிடைக்கும்: 2305843008139952128. இதைவிடப் பெரிய நிறைவு எண்ணை யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை, இவை வெறும் விநோதம், பயன் கிடையாது என்று ஆங்கிலேயக் கணிதவியலாளர் பீட்டர் பார்லோ 1811இல் எழுதினார். பாவம், இரண்டுமே பொய்த்துவிட்டன.

பயன் என்றால், சி பிளஸ் பிளஸ் நிரல்மொழியின் நூலகத்தோடு வரும் ஒரு எளிய ரேண்டம் எண் உருவாக்கியையே சொல்லலாம். முந்தைய எண்ணை 16807ஆல் (அதாவது 7⁵) பெருக்கி, 2147483647ஆல் வகுத்து, மீதியை எடுத்துக்கொள்ளும். வகுப்பது பகா எண் என்பதாலும், அதற்கேற்ற பெருக்கியாக 16807 அமைந்திருப்பதாலும் 1 முதல் 2147483646 வரை எல்லா எண்ணும் ஒருமுறை வந்த பிறகுதான் சுழற்சி திரும்பும். நீங்களே எழுதிப் பார்ப்பதானால், தொடக்க எண்ணாக 0 கொடுக்காதீர்கள், கடைசிவரை 0தான் வரும். அப்புறம், பெருக்கலை 64 பிட்டில் செய்யுங்கள், இன்ட் தாங்காது.