ரத்தத்தில் நச்சைக் கண்டறியும் பணி: ஒரு தந்தையின் கேள்விகளுக்குப் பதில்

மதிப்பிற்குரிய ஐயா,

பிளஸ் 2 உயிரியல் பிரிவில் நல்ல மதிப்பெண் பெற்றிருக்கும் தங்கள் மகள், நீட் தேர்வை மறுபடி எழுதுவதைவிட, மனித ரத்தத்தில் பாக்டீரியா நச்சுகளைக் கண்டறியும் ஆய்வகப் பணிக்குச் செல்லவே விரும்புகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படி ஒரு படிப்பு இருக்கிறதா, படித்தால் வேலை கிடைக்குமா, கிருமியோடும் விஷத்தோடும் நாள் முழுவதும் பழகுவது ஆபத்தில்லையா என்பவை தங்கள் கேள்விகள். பாட்டியார் செப்சிஸால் (கிருமித்தொற்று முற்றி உறுப்புகள் செயலிழக்கும் நிலையால்) இறந்தபோது ரத்தக் கல்ச்சரில் (ரத்தத்திலுள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனையில்) எதுவும் வளரவில்லை என்று மருத்துவர் சொன்னதிலிருந்து, நச்சை நேரடியாகவே பார்க்க முடியாதா என்று மகள் கேட்டுக்கொண்டிருப்பதாகவும் குறிப்பிட்டுள்ளீர்கள். அது மிகச் சரியான கேள்வி. மருத்துவ நுண்ணுயிரியலில் இன்னும் முழுமையான விடை கிடைக்காத கேள்வியும் அதுதான். ஆகவே, படிப்பைப் பற்றிப் பேசுவதற்கு முன் அந்தப் பணியின் தன்மையைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். அது தெரியாமல் கல்லூரியைத் தேர்ந்தெடுப்பதால்தான் பல பிள்ளைகள் மூன்றாம் ஆண்டில் ஏமாற்றம் அடைகிறார்கள்.

நம் மருத்துவமனை ஆய்வகங்கள் பெரும்பாலும் ரத்தத்தில் நச்சைத் தேடுவதில்லை; கிருமியைத்தான் தேடுகின்றன. நோயாளியின் ரத்தத்தைக் கல்ச்சர் புட்டிகளில் சேர்த்து, உடல் வெப்பநிலையில் வழக்கமாக ஐந்து நாட்கள் வரை வைத்திருந்து, ஏதாவது வளர்கிறதா என்று கருவி கண்காணிக்கிறது. ரத்தம் எடுப்பதற்கு முன்பே ஆன்டிபயாட்டிக் கொடுக்கப்பட்டிருந்தால், கிருமி இருந்தும் வளராமல் போவது உண்டு. ஆனால் கிருமி இறந்துவிட்டால் நச்சும் ஒழிந்துவிடும் என்பதில்லை. கிராம் நெகட்டிவ் எனப்படும் ஒரு பெரும் வகைப் பாக்டீரியாக்களின் வெளிச்சவ்வில் இருக்கும் எண்டோடாக்சின் என்ற நச்சு, அவை சிதைந்து இறக்கும்போதும் ரத்தத்தில் கலக்கிறது. மகளின் கேள்விக்குப் பின்னால் இருக்கும் அறிவியல் இதுவே.

இந்த எண்டோடாக்சினைக் கண்டறியும் வழி கடற்கரையிலிருந்து கிடைத்தது. குதிரைலாட நண்டின் ரத்தம் இவ்வகைப் பாக்டீரியாக்கள் பட்டவுடன் உறைவதை 1956இல் அமெரிக்காவில் ஃபிரெடரிக் பாங் விவரித்தார். பின்னர் அவரும் ஜாக் லெவினும் அதற்குக் காரணம் எண்டோடாக்சினே என்று காட்டி, நண்டின் ரத்த அணுக்களிலிருந்து எடுத்த கரைசலையே ஒரு பரிசோதனையாக வளர்த்தெடுத்தனர். எல்.ஏ.எல். எனப்படும் இந்தப் பரிசோதனை, ஊசி மருந்திலும் தூய நீரிலும் அருமையாக வேலை செய்கிறது. மனித ரத்தத்தில் அப்படி இல்லை. ரத்தத்தின் திரவப் பகுதியான பிளாஸ்மாவிலுள்ள புரதங்கள் நச்சைப் பிடித்து மறைத்துவிடுகின்றன. பூஞ்சையின் குளுக்கான் என்ற பொருள் நச்சே இல்லாதபோதும் பரிசோதனையை நேர்மறையாகக் காட்டக்கூடும். தேட வேண்டிய அளவோ மில்லிலிட்டருக்குச் சில பிகோகிராம் என்ற கணக்கில் இருக்கிறது. ஒரு பிகோகிராம் என்பது ஒரு கிராமில் லட்சம் கோடியில் ஒரு பங்கு. 121 டிகிரி நீராவி அழுத்தக் கலனில் (ஆட்டோகிளேவில்) கிருமி நீக்கப்பட்ட குழாயில்கூட எண்டோடாக்சின் மிஞ்சியிருக்கலாம் என்பதால், இப்பணிக்கான கண்ணாடிக் குழாய்களை 250 டிகிரி உலர்வெப்பத்தில் அரைமணி நேரமாவது வைத்து எடுக்கிறார்கள். நண்டின் கரைசலை விட்டுவிட்டு, நோயாளியின் நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுக்கள் எண்டோடாக்சினுக்குக் காட்டும் எதிர்வினையை ஒளியாக அளக்கும் ஒரு பரிசோதனைக்கு 2003இல் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. அனுமதி அளித்தது. இருந்தும் அது நம் ஊர் வார்டுகளில் அன்றாடப் பரிசோதனையாகிவிடவில்லை.

இன்னொரு எடுத்துக்காட்டு, ஒரு பாக்டீரியா உண்டாக்கி நரம்புகளைச் செயலிழக்கச் செய்யும் பொட்டுலினம் நச்சு. 70 கிலோ எடையுள்ள ஒருவரின் ரத்தத்தில் நேராகச் சேர்ந்தால், ஒரு மைக்ரோகிராமில் ஆறில் ஒரு பங்குக்கும் குறைவான அளவே உயிரைப் பறிக்கப் போதுமென்று மதிப்பிடப்பட்டுள்ளது. இதைக் கண்டறிய, நோயாளியின் சீரத்தை (ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிநீரை) எலிகளுக்குச் செலுத்தி நான்கு நாட்கள் வரை கவனிக்கும் முறையே நெடுங்காலம் அளவுகோலாக இருந்து வந்துள்ளது. எந்த வகை நச்சு முறிவு மருந்து கொடுக்கப்பட்ட எலிகள் பிழைக்கின்றனவோ, அதுவே நச்சின் வகை. அமெரிக்காவின் நோய்த் தடுப்பு மையமான சி.டி.சி.யின் ஆய்வகம் வளர்த்தெடுத்த புதிய முறையில், எதிர்ப்புரதம் பூசிய காந்தமணிகள் சீரத்திலிருந்து நச்சைப் பிடித்துக்கொள்கின்றன. பிறகு அந்த நச்சு வெட்டக்கூடிய ஒரு சிறு புரதத் துண்டைச் சேர்த்து, அது வெட்டப்பட்டதா என்று நிறைமாலைமானி (மூலக்கூறுகளின் நிறையை அளக்கும் கருவி) காட்டுகிறது. நச்சின் ஒரு மூலக்கூறு பல துண்டுகளை வெட்டுவதால், மிகச் சிறிய அளவும் அகப்பட்டுவிடுகிறது. இதை உருவாக்கக் கிருமியியல் அறிவு மட்டும் போதாது என்பதைக் கவனியுங்கள். இது பெருமளவு புரத வேதியியல்.

இதிலிருந்து நான் சொல்ல வருவது இதுதான்: ரத்தத்தில் நச்சைக் கண்டறிதல் என்ற பெயரில் ஒரு பட்டப்படிப்பும் இல்லை, அந்தப் பெயரில் நிறைய வேலைகளும் இல்லை. நோயாளியின் ரத்தத்தில் நச்சைத் தேடும் பணி பெரும்பாலும் ஆராய்ச்சி நிறுவனங்களிலும் உயர்நிலைக் குறிப்பு ஆய்வகங்களிலும் நடப்பது. அதற்கு முனைவர் பட்டம் வரை செல்லும் நீண்ட பாதை தேவை. ஆனால் அதே அறிவைக் கொண்டு, பட்டப்படிப்பு முடித்த உடனேயே வேலை தரும் துறை ஒன்று பக்கத்திலேயே இருக்கிறது. ரத்தநாளத்தில் செலுத்தும் மருந்துகளில் எண்டோடாக்சின் பொதுவாக ஒரு மணி நேரத்தில் உடல் எடையின் ஒரு கிலோவுக்கு 5 அலகுகளைத் தாண்டக் கூடாது என்பது மருந்தியல் தரநூல்களின் வரம்பு. ஆகையால் ஊசி மருந்து, தடுப்பூசி, குளுக்கோஸ் பாட்டில் தயாரிக்கும் நிறுவனங்களின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவுகளுக்கு இப்பரிசோதனை தெரிந்தவர்கள் தேவைப்படுகிறார்கள். குன்னூர் பாஸ்டர் நிறுவனம், கிண்டியிலுள்ள கிங் நிறுவனம், அதே கிண்டியில் இருக்கும் பி.சி.ஜி. தடுப்பூசி ஆய்வகம் ஆகியவை நம் மாநிலத்திலேயே இருக்கின்றன. மகள் அவற்றைப் பற்றி இப்போதே படித்து வைக்கட்டும்.

படிப்பைப் பொறுத்தவரை, நோயாளிகளுக்கு அருகில் இருக்க விரும்பினால் பி.எஸ்சி. மருத்துவ ஆய்வக நுட்பவியல் நல்லது. தமிழ்நாட்டில் அரசு ஒதுக்கீட்டு இடங்களுக்கு மருத்துவக் கல்வி இயக்ககத்தின் தேர்வுக் குழு கலந்தாய்வு நடத்துகிறது, வேலூர் சி.எம்.சி., புதுச்சேரி ஜிப்மர் போன்றவை அந்தக் கலந்தாய்வுக்கு வெளியே தனியாக விண்ணப்பிக்க வேண்டியவை. இப்படிப்பு முடித்தவர் பரிசோதனையைச் செய்வார். முடிவுக்குப் பொருள் கூறும் பொறுப்பு பொதுவாக எம்.டி. நுண்ணுயிரியல் படித்த மருத்துவரிடம் இருக்கும் என்பதை மகளுக்கு முன்னரே சொல்லிவிடுங்கள். புதிய பரிசோதனையை உருவாக்குவதே அவர் ஆசை என்றால், என் தெளிவான பரிந்துரை பி.எஸ்சி. உயிர்வேதியியல் அல்லது வேதியியலைத் துணைப்பாடமாகக் கொண்ட பி.எஸ்சி. நுண்ணுயிரியல். அதன்பின் ஜாம் (எம்.எஸ்சி. சேர்க்கைக்கான தேசியத் தேர்வு) போன்ற நுழைவுத் தேர்வு வழியாக நல்ல நிறுவனமொன்றில் எம்.எஸ்சி., பிறகு சி.எஸ்.ஐ.ஆர்.-யூ.ஜி.சி. நெட் போன்ற தேசியத் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை பெற்று முனைவர் பட்டம். 2023 முதல் ஜே.ஆர்.எஃப். உதவித்தொகை மாதம் 37,000 ரூபாய் என்பதால், அந்த ஆண்டுகளின் சுமை முழுவதும் பெற்றோர் தலையில் விழாது. இங்கிருந்து சென்று சேரும் தூரம் குறைந்தது பத்து ஆண்டுகள். அதை மறைத்துப் பேசுவது தங்களுக்கும் மகளுக்கும் செய்யும் அநீதி.

ஆபத்தைப் பற்றிய கவலை நியாயமானது. ஆனால் அது சரியான இடத்தில் இருக்க வேண்டும். நச்சு ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றும் பொருளன்று. நோயாளியின் சீரத்தில் இருப்பதும் மிக நுண்ணிய அளவே. ரத்த மாதிரிகளைக் கையாளுபவருக்கு உண்மையான ஆபத்து, ஊசி குத்திவிடுவதால் பரவக்கூடிய ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி, எச்.ஐ.வி. ஆகியவை. இவற்றில் ஹெபடைடிஸ் பி நோய்க்குத் தடுப்பூசி உண்டு. சிறு வயதில் போடாதிருந்தால், 0, 1, 6 மாதங்கள் என்ற கணக்கில் மூன்று தவணைகளையும் கல்லூரி திறப்பதற்கு முன்பே தொடங்கிவிடுங்கள்.

நீட் பற்றி ஒரு சொல். மருத்துவராகும் விருப்பம் மகளுக்கு உண்மையாகவே இருந்தால், எம்.பி.பி.எஸ். முடித்து எம்.டி. நுண்ணுயிரியல் படிப்பதும் இதே ஆய்வகத்துக்கு வரும் வழிதான். விருப்பம் தங்களுடையது மட்டும் என்றால், ஓராண்டைக் கோச்சிங் மையத்தில் செலவிடச் சொல்வதை நான் ஆதரிக்க மாட்டேன்.

கல்லூரியைப் பார்க்கச் செல்லும்போது ஆய்வக நுட்பவியல் படிப்பு தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் இணைப்பு பெற்றதா என்று ஆவணத்தோடு கேளுங்கள். துணை மருத்துவப் பணியாளர்களின் பதிவை ஒழுங்குபடுத்தும் 2021ஆம் ஆண்டுத் தேசியச் சட்டம் வந்தபிறகு, அங்கீகாரமற்ற மையத்தின் சான்றிதழ் மேலும் பயனற்றதாகிவிடும். பயிற்சி எந்த மருத்துவமனையில், எத்தனை படுக்கைகள் உள்ள இடத்தில் நடக்கிறது என்று கேளுங்கள். மாணவர்கள் தம் கையால் ரத்தக் கல்ச்சரும் எலைசாவும் (எதிர்ப்புரதம் கொண்டு ஒரு பொருளைக் கண்டறியும் சோதனையும்) செய்கிறார்களா, நின்று பார்ப்பதோடு சரியா என்பதை ஆசிரியரிடம் கேட்காமல், அங்கே படிக்கும் மூன்றாம் ஆண்டு மாணவியிடம் மகளே தனியாகக் கேட்கட்டும். இவற்றுக்கு நேரான பதில் கிடைக்காத கல்லூரியை, கட்டணம் எவ்வளவு குறைவாக இருந்தாலும், பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள்.