கிரயப் பத்திரத்தில் ‘மாமூல் வழிநடை பாத்தியம் உள்பட’ என்று எழுதுகிறார்களே, அதற்கு என்ன பொருள்? எழுதாமல் விட்டால் பாதை போய்விடுமா?

போய்விடாது, அந்தப் பாத்தியம் உண்மையிலேயே இருந்திருந்தால்.

பக்கத்துக்காரர் பட்டாவில் கிடக்கும் தடத்தின் வழியாக உங்கள் நிலத்துக்குப் போகிறீர்கள். தடம் அவருக்குச் சொந்தம். போய்வரும் உரிமை மட்டும் உங்களுக்கு. வழக்கமாகப் போய்வரும் அந்த உரிமைதான் ‘மாமூல் வழிநடை பாத்தியம்’. 1882-ம் ஆண்டு இந்திய ஈஸ்மெண்ட் சட்டம் பேசுவது இதைத்தான். இந்த உரிமை ஆளோடு அல்ல, நிலத்தோடு ஒட்டியது. நிலம் கைமாறினால் கூடவே போகும். தனியாகப் பிரித்து விற்க முடியாது. சொத்து மாற்றுச் சட்டத்தின் 8-வது பிரிவும், பத்திரத்தில் வேறுவிதமாகச் சொல்லாத வரை, நிலத்தோடு ஈஸ்மெண்டும் சேரும் என்கிறது. வீடு என்றால் பூட்டு, சாவி, கதவு, ஜன்னல் வரை அதில் அடக்கம்!

ஆனால் விற்பவருக்கே இல்லாத உரிமையை ‘சகல பாத்தியங்களும்’ என்ற வரி உண்டாக்காது. பெரும்பாலான தகராறு இங்கேதான் தொடங்குகிறது. பக்கத்துக்காரர் ‘போய்ட்டு வாங்க’ என்று வாய்வார்த்தையாக விட்டிருந்தால் அது வெறும் அனுமதி. நிலத்தை வாங்கியவருக்கு வராது. அதனால் பாத்தியம் எப்படி வந்தது என்று மூலப் பத்திரங்களில் தேடுங்கள்.

எழுதிக் கொடுத்த பாத்தியமே பலமானது. பின்னால் வேறு ரோடு வந்தாலும் அது சாகாது. ஒரே உடைமையாளரின் நிலம் பிரிந்து, வேறு வழியே இல்லாததால் கிடைத்த பாதை அப்படியல்ல. மாற்று வழி வந்ததும் முடிந்துவிடும். நீண்டகால அனுபவத்தால் பாத்தியம் வருவதற்கு 20 ஆண்டு (அரசு நிலமென்றால் 30) வெளிப்படையாக, தடையில்லாமல், உரிமையாக நடந்திருக்க வேண்டும். அந்தக் காலம் வழக்குப் போடுவதற்கு முந்தைய 2 ஆண்டுக்குள் முடிவதாகவும் இருக்க வேண்டும். வேலி போட்டு அடைத்தபின் ‘பேசித் தீர்த்துக்கலாம்’ என்று மூன்று வருஷம் உட்கார்ந்திருப்பவர்கள் தோற்பது இதனால்தான்.

‘மாமூல் பாதை’ என்று மட்டும் எழுதினால் அகலத்துக்கே சண்டை வரும். ‘இன்ன சர்வே எண்ணில் வடபுறம் கிழமேலாகச் செல்லும் 12 அடி அகலத் தடத்தில் ஆள், மாடு, டிராக்டர் போய்வரவும், தண்ணீர்க் குழாய் பதிக்கவும்’ என்று எழுதுங்கள். தடம் விற்பவர் கையில் மிச்சமிருக்கும் நிலத்தில் போனால், அந்த சர்வே எண்ணையும் சொத்து விவரத்தில் சேர்க்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் நாளை அதை வாங்குபவர் எடுக்கும் வில்லங்கச் சான்றில் உங்கள் பாதை தெரியாது.