முதல்ல துரு, அப்புறம்தான் குதிரைசக்தி: வாசகர் கேள்வி பதில்

பழைய ஸ்போர்ட்ஸ் காரை வீட்டுலயே வச்சு ரெடி பண்றது பத்தி கேள்வி அனுப்புங்கன்னு போன இதழ்ல கேட்டிருந்தோம், வந்ததுல நிறைய எம்ஜிபி பத்திதான். 1962ல இருந்து 1980 வரைக்கும் இங்கிலாந்துல அபிங்டன் ஃபேக்டரில அஞ்சு லட்சத்துக்கு மேல செஞ்ச வண்டி, இன்னைக்கும் அதுக்கு பார்ட்ஸ் கிடைக்கிற மாதிரி வேற எந்த பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கும் கிடைக்கிறது கஷ்டம், முழு பாடி ஷெல்லே 1988ல இருந்து புதுசா அடிச்சு விக்கிறாங்க. வீட்டுல வேலை கத்துக்க நினைக்கிறவங்களுக்கு இதை விட நல்ல வண்டி இல்லன்னுதான் நான் சொல்லுவேன்.

கேள்வி: வணக்கம் சார். 1972 எம்ஜிபி ரோட்ஸ்டர், குரோம் பம்பர் மாடல், இப்பதான் வாங்கினேன். எஞ்சின் நல்லா ஓடுது, பெயிண்ட்டும் பளபளன்னு இருக்கு. வி8 (எட்டு சிலிண்டர்) எஞ்சின் போடணும்னு ரொம்ப நாள் ஆசை. கராஜ் சின்னதுதான். எங்க இருந்து ஆரம்பிக்கலாம்?
(ஹாரோ, லண்டன்)

பதில்: எஞ்சினை இப்போதைக்கு தொடாதீங்க. கையில ஒரு சின்ன காந்தத்தை எடுத்துக்கிட்டு, அது மேல மெல்லிசா துணி சுத்தி, கதவுக்கு கீழ ஓடுற சில் பக்கமா வச்சுக்கிட்டே போங்க, எங்கெல்லாம் ஒட்ட மாட்டேங்குதோ அங்கெல்லாம் பட்டி பூசியிருக்காங்கன்னு அர்த்தம். எம்ஜிபிக்கு முன்னாடி வந்த எம்ஜிஏவுக்கு தனி சேஸிஸ் உண்டு, எம்ஜிபிக்கு கிடையாது, பாடிதான் சேஸிஸ், அதுலயும் மேல கூரை இல்லாத ரோட்ஸ்டர்ல மொத்த பலமும் அந்த ரெண்டு சில்லுலயும் ஃப்ளோர் நடுவுல மேடா ஓடுற டனல்லயும்தான் நிக்குது. வெளி சில், உள் சில், நடுவுல ஒரு தகரம், அடியில காசில் செக்‌ஷன்னு ஒரு துண்டு, இத்தனையும் சேர்ந்து ஒரு பெட்டி மாதிரி. வெளிய இருக்கிற தகரம் மட்டும் புதுசா பளபளன்னு இருந்து உள்ள இருக்கிறதெல்லாம் பொடிஞ்சு போன வண்டி சந்தையில நிறைய வருது, பழைய துருவுக்கு மேலயே புது தகரத்தை வச்சு வெல்ட் அடிச்சு பெயிண்ட் பண்ணி வித்துடுறாங்க. அதனால கார்பெட்டை தூக்குங்க, ஃப்ளோர் ஓரத்தை ஸ்க்ரூ டிரைவரால அழுத்திப் பாருங்க, ஜாக்கி வைக்கிற இடம், பின் சக்கரத்து பட்டை ஸ்பிரிங் மாட்டுற இடம், முன் ஃபெண்டரோட கீழ் மூலை, இதெல்லாம் பாருங்க. சீட்டுக்கு பின்னாடி பேட்டரி பெட்டியும் பாருங்க, உங்க வருஷத்து மாடல்ல ரெண்டு 6 வோல்ட் பேட்டரி அங்கதான் உக்காந்திருக்கும், ஆசிட் சிந்தி அந்த தகரம் அரிச்சுப் போறது சகஜம்.

அதுக்கு அடுத்து பிரேக். ஹோஸ் எல்லாத்தையும் புதுசு போடுங்க, பழைய ரப்பர் வெளிய நல்லா இருந்தாலும் உள்ள வீங்கி அடைச்சிருக்கும், மாஸ்டர் சிலிண்டரும் பின் டிரம் சிலிண்டரும் கசியுதான்னு பாருங்க. முன் சக்கரம் திரும்புறதுக்கு அச்சா இருக்கிற கிங் பின்னுக்கு கிரீஸ் போகுதான்னு பாருங்க. ஒயர் வீல் இருந்தா கழட்டி, சக்கரம் ஹப்புல மாட்டுற ஸ்ப்லைன் பல்லை தடவிப் பாருங்க, கூர்மையா கத்தி மாதிரி ஆயிருந்தா ஹப்பும் சக்கரமும் சேர்த்தே மாத்தணும், ஒண்ணு மட்டும் மாத்தினா புதுசும் சீக்கிரம் தேஞ்சுடும்.

வி8 ஆசை தப்பே இல்ல. கம்பெனியே 1973ல இருந்து 1976 வரைக்கும் எம்ஜிபி ஜிடி வி8னு செஞ்சுது, ரோவரோட 3528 சிசி அலுமினிய எஞ்சின், 137 குதிரைசக்தி, மொத்தம் 2,591 வண்டிதான். அதுக்கும் முன்னாடியே கென் காஸ்டெல்லோங்கிறவர் தனியா இதைச் செஞ்சு வித்துட்டிருந்தார். அலுமினியம்ங்கிறதால இரும்பு பிளாக் நாலு சிலிண்டரை விட பெருசா எடை கூடாது, அதனாலதான் இந்த மாற்றம் இவ்வளவு பிரபலமாச்சு. ஆனா கம்பெனி அதை கூரை உள்ள ஜிடில மட்டும்தான் போட்டுச்சு, ரோட்ஸ்டர்ல அப்ப போடவே இல்ல, 1993ல ஆர்வி8 வந்தப்பதான் திறந்த பாடில வி8 வந்துச்சு. உங்க சில் சரியில்லன்னா அந்த முறுக்குவிசைக்கு பாடி நெளியும், நெளிஞ்சா முதல்ல கதவு இடைவெளியில தெரியும். இன்னொண்ணு, 40 வருஷம் தாண்டின வண்டிக்கு உங்க ஊர்ல எம்ஓடி (வருஷாந்திர வண்டி சோதனை) விலக்கு இருக்கே, பெரிய மாற்றம் செஞ்சா அது போயிடலாம், எஞ்சின் வாங்குறதுக்கு முன்னாடி டிவிஎல்ஏ (வண்டி பதிவு பண்ற அரசு அலுவலகம்) விதியைப் படிச்சுடுங்க.

என் யோசனை: ரெண்டு வருஷம் இந்த 1798 சிசியோடவே ஓட்டுங்க. டிஸ்ட்ரிபியூட்டர் உள்ள எலக்ட்ரானிக் இக்னிஷன் போடுங்க (கழட்டின சிபி பாயிண்ட்டை டிக்கில ஒரு டப்பால வச்சுக்குங்க), ஓவர்டிரைவ் (அதே வேகத்துல எஞ்சின் சுத்தைக் குறைக்கிற கூடுதல் கியர்) இல்லாத கியர்பாக்ஸா இருந்தா ஓவர்டிரைவ் உள்ளதா தேடிப் போடுங்க, நெடுஞ்சாலைல அது ஒண்ணே வண்டியோட குணத்தையே மாத்திடும். இதெல்லாம் நாளைக்கு வேணாம்னா திருப்பி பழையபடி மாட்டிக்கலாம். வெட்டினதை அப்படி மாட்ட முடியாது.

கேள்வி: அண்ணை, நானும் மச்சானும் சேர்ந்து ஒரு 1969 எம்ஜிபி ரோட்ஸ்டர் செய்யிறம். இஞ்சத்தை உப்பு ரோட்டில ஓடி ரெண்டு பக்கச் சில்லும் கறள் பிடிச்சுப் போச்சுது எண்டு வெட்டி எடுத்தனாங்கள். காரை முன்னாலயும் பின்னாலயும் ஸ்டாண்டில ஏத்தி வச்சுத்தான் வெட்டினது. இப்ப கதவு பூட்டுப்படுதில்லை, பின்பக்க மேல்மூலை இடிக்குது. புதுச் சில் வந்திட்டுது, அப்பிடியே வெல்ட் பண்ணலாமோ?
(ஸ்கார்பரோ, டொரொண்டோ)

பதில்: தம்பி, வேண்டாம், தயவுசெஞ்சு நிறுத்துங்க. இப்ப வெல்ட் பண்ணினா வண்டி வளைஞ்ச நிலையிலேயே காலத்துக்கும் நின்னுடும். நடந்தது என்னன்னா ரெண்டு முனையிலயும் தாங்கி நடுவுல தாங்காம விட்டதால, சில் போனதும் நடு பாகம் கீழ தொங்கிடுச்சு, கதவு வாயோட மேல் பக்கம் நெருங்கிடுச்சு, அதான் இடிக்குது. பயப்படாதீங்க, தகரம் மடங்கியிருக்காது, நிதானமா பண்ணினா திரும்ப வரும்.

கதவை ஹிஞ்ச்லயே விட்டுடுங்க. டனலுக்கு ரெண்டு பக்கமும் ஃப்ளோரோட நல்ல இடத்துக்கு கீழ நீளமா ஒரு மரக்கட்டையை குறுக்க வச்சு, அதுக்கு கீழ ஜாக்கி வச்சு, ஒரே தூக்கா தூக்காம கொஞ்சம் கொஞ்சமா ஏத்துங்க, ஒவ்வொரு தடவையும் கதவை மூடி மேலயும் கீழயும் இடைவெளியைப் பாருங்க. முன் ஓரம் பின் ஓரம் ரெண்டுலயும் இடைவெளி மேல இருந்து கீழ வரைக்கும் ஒரே அளவா வந்ததும், முன் ஹிஞ்ச் தூண்ல இருந்து பின் லாக் தூண் வரைக்கும் கனமான இரும்பு சதுரக் குழாயை போல்ட் போட்டு இறுக்கிடுங்க, ரெண்டு பக்கமும், நடுவுல குறுக்கா ஒண்ணு. அந்தக் கட்டு போட்டதுக்கு அப்புறம்தான் சில்லைத் தொடணும், அதுவும் முதல்ல ஒரு பக்கம் முழுசா முடிச்சுட்டு அடுத்த பக்கம். முன் ஃபெண்டர் போல்ட்லதான் நிக்குது, கழட்டிடுங்க, வெளி சில்லோட முன் முனை அதுக்குள்ள போகுது, கழட்டாம பண்றவங்கதான் பாதி சில் போட்டு ஒப்பேத்துறாங்க. முதல்ல சின்னச் சின்ன புள்ளியா டாக் வச்சு, கதவை மூடிப் பாத்து, சரின்னா மேல போங்க. மிக் வெல்டிங்னா 0.6 மிமீ ஒயர், ஆர்கான் கலந்த கேஸ், ஒரே இடத்துல நீளமா இழுக்காம தள்ளித் தள்ளி, சூடு ஏறினா அந்த தகரம் அலை அலையா நெளிஞ்சுடும்.

பெட்ரோல் டேங்கை கழட்டி கராஜுக்கு வெளிய வச்சாச்சான்னு நீங்க எழுதல. வைக்கலன்னா இன்னைக்கே வைங்க, பேட்டரி ஒயரையும் ஆல்டர்னேட்டர் ஒயரையும் கழட்டுங்க, பக்கத்துல தீயணைப்பான் இருக்கணும், ஒருத்தர் வெல்ட் பண்ணும்போது மச்சான் வெல்டிங் வெளிச்சத்தைப் பாக்காம, தீப்பொறி எங்க போய் விழுதுன்னு மட்டும் பாத்துட்டே இருக்கணும். முடிஞ்சதும் சில்லுக்குள்ள மெழுகு ஸ்ப்ரே அடிக்காம விடாதீங்க, உங்க ஊர் உப்புக்கு அதுதான் காப்பு.

கேள்வி: ரெண்டு எஸ்யூ கார்புரேட்டர் உள்ள எம்ஜிபி ஜிடி. ஐடிலிங் ஏறி இறங்குது, ரெண்டு மெக்கானிக் ரெண்டு விதமா சொல்றாங்க. எங்கப்பா மதுரைல அம்பாசடர் வச்சிருந்தப்ப அவரே ட்யூன் பண்ணுவார். நானே செய்யலாமா?
(பர்மிங்ஹாம்)

பதில்: தாராளமா செய்யலாம். அப்பா கை வச்சதும் ஏறக்குறைய இதே எஞ்சின்தான், அம்பாசடரோட 1489 சிசியும் உங்க 1798 சிசியும் பிஎம்சி (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) கம்பெனியோட ஒரே பி சீரிஸ் குடும்பம், அவர்கிட்ட போன் பண்ணி கேட்டாலே பாதி விஷயம் தெரிஞ்சுடும்.

கார்புரேட்டரை கடைசியாத்தான் தொடணும். முதல்ல டேப்பட் (வால்வ்) இடைவெளி, அப்புறம் பாயிண்ட் இடைவெளி, அப்புறம் டைமிங். அதுக்கப்புறம் கார்புரேட்டர்ல த்ராட்டில் தகடு சுத்துற தண்டை, அதாவது ஸ்பிண்டிலை, விரலால ஆட்டிப் பாருங்க, ஆட்டம் இருந்தா அது வழியா காத்து உள்ள போகுது, அப்ப நீங்க எவ்வளவு ட்யூன் பண்ணினாலும் நிக்காது, ஸ்பிண்டிலும் புஷ்ஷும் மாத்தியே ஆகணும். கார்புரேட்டர் மேல இருக்கிற டாஷ்பாட்ல (ஆயில் நிக்கிற சின்னக் குழாய்) ஆயில் இருக்கான்னு பாருங்க, நிறைய பேர் அதை மறந்தே போயிடுறாங்க, ஆயில் இல்லன்னா ஆக்சிலரேட்டர் மிதிச்சதும் வண்டி திணறும். எஞ்சின் நல்லா சூடானதும் ரெண்டு வாய்லயும் ஒரு ரப்பர் குழாயை வச்சு சத்தம் கேளுங்க, ரெண்டும் ஒரே மாதிரி இரைஞ்சா காத்து சமம். கடைசியா பெட்ரோல்-காத்து கலவை: கார்புரேட்டர் பிஸ்டனைத் தூக்குற பின்னை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவா, லேசாத் தூக்குங்க. வேகம் ஏறி அப்படியே நின்னா பெட்ரோல் ஜாஸ்தி, உடனே அணையப் போனா கம்மி, ஒரு நொடி லேசா ஏறி பழைய இடத்துக்கு வந்தா சரி. அடியில இருக்கிற நட்டை ஒரு தடவைக்கு ஒரு பட்டை (ஆறு பக்கத்துல ஒரு பக்கம்) மட்டும் திருப்புங்க.

பிரிட்டன்ல 2021 செப்டம்பர்ல இருந்து சாதாரண பம்ப்ல இ10 (10 சதவீதம் வரைக்கும் எத்தனால் கலந்த) பெட்ரோல்தான், பழைய ரப்பர் ஹோஸ் அதுக்குத் தாங்காது, வெடிச்சு சூடான எக்ஸாஸ்ட் மேல சொட்டினா என்ன ஆகும்னு சொல்ல வேண்டியதில்ல. எத்தனால் தாங்குற ஹோஸா மாத்திட்டு, முடிஞ்சா எத்தனால் கம்மியா உள்ள இ5 சூப்பர் பெட்ரோல் போடுங்க.

கேள்வி: சார், தாத்தாவோட ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் மார்க் 2, ரெண்டு கதவு, 948 சிசி, கொட்டகைல பல வருஷமா நிக்குது. ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயரும் இதே சேஸிஸ்தான்னு யூடியூப்ல பாத்தேன். சேஸிஸை குறைச்சு வெட்டி ஸ்பிட்ஃபயர் மாதிரி ஸ்போர்ட்ஸ் காரா பண்ணிடலாமா?
(காரைக்குடி)

பதில்: சொந்தம் உண்மைதான். ரெண்டையும் வரைஞ்சது ஒரே ஆள், இத்தாலிக்காரர் மிக்கெலாட்டி, 1962ல வந்த ஸ்பிட்ஃபயர் ஹெரால்ட் சேஸிஸை அடிப்படையா வச்சு நீளம் குறைச்சு செஞ்சதுதான். ஆனா தம்பி, நம்ம ஹெரால்டை வெட்டாதீங்க. அது மெட்ராஸ்ல நம்ம ஆளுங்க கையால செஞ்ச வண்டி, மிஞ்சி இருக்கிறது கொஞ்சம்தான், ஸ்பிட்ஃபயர் வேணும்னா உலகத்துல லட்சக்கணக்குல செஞ்சிருக்காங்க. பாசத்துல மட்டும் சொல்லல, சட்டமும் அப்படித்தான் இருக்கு. மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவுப்படி கம்பெனி கொடுத்த அடிப்படை அமைப்பை மாத்தக் கூடாது. 2021ல வந்த விதிப்படி 50 வருஷம் தாண்டின வண்டியை விண்டேஜ்னு பதிவு பண்ணலாம், ஆனா அதுவும் சேஸிஸ், பாடி, எஞ்சின்ல பெரிய மாற்றம் செய்யாம அசல் நிலையில இருந்தாத்தான். வெட்டினா அந்தக் கதவும் சாத்திடும்.

ஸ்பிட்ஃபயரோட சொந்தத்தை வேற விதமா பயன்படுத்திக்கலாம். முன் டிஸ்க் பிரேக் அப்படியே போல்ட்ல மாட்டும், வெட்டு குத்து இல்ல, இங்கிலாந்துல இருந்து வரவழைக்கலாம், ஆர்டிஓல ஒரு வார்த்தை கேட்டுட்டு செய்ங்க. பின்னாடி ஸ்விங் ஆக்சில், ஏற்காடு மாதிரி கொண்டை ஊசி வளைவுல வேகமாப் போய் திடீர்னு ஆக்சிலரேட்டரை விட்டா பின் சக்கரம் உள்பக்கமா மடங்கும், வண்டி பின்பக்கம் சுத்திடும், ஸ்போர்ட்ஸ் காரா ஓட்டணும்னு நினைக்கிற உங்களுக்கு இது கட்டாயம் தெரிஞ்சிருக்கணும்.

எல்லாத்தையும் விட முக்கியம் ட்ரன்னியன், அதாவது முன் சக்கரத்தைத் தாங்குற செங்குத்து தண்டோட அடியில இருக்கிற மூட்டு. அதுக்கு கிரீஸ் இல்ல, இபி 90 கியர் ஆயில்தான் போடணும். நிறைய ஷெட்ல பழக்கத்துல கிரீஸ் அடிச்சுடுறாங்க, ஆயில் போகாம உள்ள துரு பிடிச்சு ஒருநாள் அந்த செங்குத்து தண்டு முறிஞ்சு சக்கரம் சாஞ்சுடும். பல வருஷம் நின்ன வண்டின்னா ரோட்டுக்கு எடுக்கிறதுக்கு முன்னாடி ரெண்டு பக்கமும் கழட்டிப் பாத்தே ஆகணும். அப்புறம் கடல் காத்து இல்லாத ஊர்ங்கிறது உங்களுக்கு லாபம், இருந்தாலும் சேஸிஸ்ல இருந்து பக்கவாட்டுல நீட்டிட்டு இருக்கிற கைகளை தட்டிப் பாருங்க.

கேள்வி: வீட்டு கராஜ்ல 2கே பெயிண்ட் (ஹார்டனர் கலந்து அடிக்கிறது) ஸ்ப்ரே பண்ணலாமா? நல்ல மாஸ்க் வாங்கி வச்சிருக்கேன்.
(லெஸ்டர்)

பதில்: கூடாது. 2கே ஹார்டனர்ல ஐசோசயனேட் இருக்கு, ஒரு தடவை நுரையீரலுக்கு ஒவ்வாம போச்சுன்னா ஆஸ்துமா வாழ்நாளுக்கும் கூட வரும், வாசனை வராததால மாஸ்க் வேலை செய்யுதா இல்லையான்னே தெரியாது. வெளியில இருந்து குழாய் வழியா காத்து வர்ற ஹெல்மெட்டும் எக்ஸாஸ்ட் உள்ள பூத்தும் வேணும். டிங்கரிங், பட்டி, தேய்ப்பு எல்லாம் நீங்களே பண்ணிட்டு (அதுக்கும் தூசி மாஸ்க் போடுங்க) கடைசி கோட்டை பெயிண்ட் ஷாப்ல கொடுங்க, காசும் பெருசா மிச்சமாகும்.

கேள்வி: என் எம்ஜிபி 1965. புளூடூத் ரேடியோ மாட்டினதும் ஃபியூஸ் போயிடுச்சு. ரேடியோ கோளாறா?
(மெல்பர்ன்)

பதில்: ரேடியோவுல கோளாறு இருக்காது. 1967 வரைக்கும் வந்த எம்ஜிபில பாடியோட இணைச்சிருக்கிறது பாசிட்டிவ், இன்னைக்கு வர்ற ரேடியோ எல்லாம் நெகட்டிவ் எர்த். உங்களுக்கு முன்னாடி வச்சிருந்தவர் மாத்தியிருக்கலாம், அதனால மாடலை வச்சு முடிவு பண்ணாம, பேட்டரில எந்த முனை பாடிக்குப் போகுதுன்னு கண்ணால பாருங்க. பாசிட்டிவ்தான்னா மாத்துறது ஒரு நாள் வேலை: பேட்டரியைத் திருப்பி, இக்னிஷன் காயில்ல ரெண்டு ஒயரையும் இடம் மாத்தி, டைனமோவை புது திசைக்கு போலரைஸ் பண்ணணும் (பாசிட்டிவ், நெகட்டிவ் மாறினதுக்கு ஏத்த மாதிரி பழக்கணும்), எலக்ட்ரிக் டேக்கோமீட்டர் இருந்தா அதுக்கு உள்ளயும் மாற்றம் வேணும். பெட்ரோல் பம்ப்ல டையோடு உள்ள புது மாடல் போட்டிருந்தா அதுவும் திசை பாக்கும், மாத்துறதுக்கு முன்னாடி மேல ஒட்டியிருக்கிற லேபிளைப் படிச்சுக்குங்க.