அழுகை வராதவர்களுக்கு ஒரு வெண்பா: வாசகர் கேள்வி பதில்

அம்மா இறந்து எட்டு மாதம் ஆகிறது. காரியம் எல்லாம் நானே முன்னின்று செய்தேன், யாருக்கும் குறை வைக்கவில்லை. ஆனால் இன்றுவரை அழுகை வரவில்லை, நெஞ்சில் கல் மாதிரி ஏதோ நிற்கிறது. கல்லூரியில் படிக்கும் மகள் தினமும் வாட்ஸப்பில் நம்பிக்கைக் கவிதைகள் அனுப்புகிறாள். படித்தால் எரிச்சல்தான் வருகிறது. கவிதையால் மனசு ஆறும் என்பதெல்லாம் உண்மையா?
— வாசகி, வலங்கைமான்

சகோதரி, மகளைக் கோபித்துக்கொள்ளாதீர்கள், அவளுக்குத் தெரிந்த வழியில் உங்கள் பக்கத்தில் வரப் பார்க்கிறாள். உங்கள் எரிச்சலிலும் நியாயம் இருக்கிறது. சாவு வீட்டுக்கு வந்து புத்தி சொல்கிறவரைப் பார்த்தால் நமக்கு ஓடிப்போகலாம் போலிருக்கும். ஒரு வார்த்தை பேசாமல் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பக்கத்து வீட்டுப் பெரியம்மாவை விட மனசு வராது. கவிதையிலும் இந்த இரண்டு வகை உண்டு. 'எழுந்து நில், விடியும்' என்கிற கவிதை எழ முடிகிறவர்களுக்கு. உங்களுக்கு இப்போது அந்தப் பெரியம்மாதான் வேண்டும்.

பட்டினத்தாரைப் படியுங்கள். காவிரி கடலில் சேரும் பூம்புகார்க்காரர், பெரிய வணிகர் குடும்பம். எல்லாவற்றையும் உதறிவிட்டுக் கோவணத்தோடு போனவர், அம்மா இறந்ததும் சுடலைக்கு வந்து நின்றார் என்பது கதை. அங்கே பாடியதாகச் சொல்லப்படும் பத்துப் பாட்டில் ஒன்று 'அரிசியோ நானிடுவேன் ஆத்தாள் தனக்கு' என்று தொடங்கும். தேனே, அமிர்தமே என்று என்னை அழைத்த வாய்க்கா நான் அரிசி போடுவது என்று கேட்கிறார். அத்தனையும் துறந்தவரால் இந்த ஒன்றைத் துறக்க முடியவில்லை. அவருக்கே அப்படியென்றால் நமக்கு எப்படி இருக்கும்?

என் அம்மாவுக்கு வாய்க்கரிசி போட்ட அன்று நானும் அழவில்லை. பந்தல்காரருக்கு எவ்வளவு, ஐஸ் பெட்டிக்கு எவ்வளவு, ராத்திரி தங்குகிறவர்களுக்குப் பாய் இருக்கிறதா, இதுதான் மண்டையில் ஓடிக்கொண்டிருந்தது. அரிசி ஈரமாக இருந்தது. போட்ட பிறகும் நாலைந்து மணி உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டு விழமாட்டேன் என்றது, வேட்டியில் துடைத்துக்கொண்டேன். மூன்று மாதம் கழித்து ஒரு ராத்திரி ஏதோ தேடும்போது இந்த வெண்பா கண்ணில் பட்டது. 'என அழைத்த வாய்க்கு' என்ற கடைசி இடத்துக்கு வந்ததும் அந்த நாலைந்து அரிசி திரும்பவும் கையில் ஒட்டியது போலிருந்தது, அப்புறம் விடியும்வரை அழுதேன். வலி குறைந்ததா என்று கேட்டால் அன்றைக்குக் குறையவில்லை. ஆனால் அதுவரை வாயில்லாமல் கிடந்த ஒன்றுக்கு வாய் கிடைத்தது, மறுநாள் அம்மாவைப் பற்றி என் தங்கையிடம் பேச முடிந்தது.

நம் ஊர்களில் ஒப்பாரி செய்த வேலை இதுதான். தோளைக் கட்டிக்கொண்டு வட்டமாக உட்கார்ந்து, ஒருத்தி அடி எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் இழுத்துப் பாட, வந்தவர்கள் அவரவர் வீட்டுச் சாவையும் சேர்த்து அழுது தீர்த்துவிட்டுப் போவார்கள். இப்போது பல வீடுகளில் கூலிக்கு ஆள் வைத்து மைக்கில் பாட வைக்கிறோம், வீட்டுப் பெண்கள் பிளாஸ்டிக் நாற்காலியில் ஓரமாக உட்கார்ந்திருக்கிறார்கள். உங்கள் கல் அப்படி நின்றுபோன கல்லாகவும் இருக்கலாம். வீட்டில் யாரும் இல்லாத மத்தியான வேளையில் அந்தப் பத்துப் பாட்டையும் வாய்விட்டுப் படியுங்கள், மனசுக்குள் படித்தால் பாதிதான் இறங்கும். அன்றைக்கே அழுகை வரவேண்டும் என்று கட்டாயமும் இல்லை.

போட்டித் தேர்வில் இரண்டாவது முறையும் தோற்றுவிட்டேன். ராத்திரி தூக்கம் வராமல் செல்போனில் கவிதை எழுதுகிறேன். எல்லாமே இதயம், வலி, கண்ணீர் என்றே வருகிறது, எழுதி முடித்தால் பாரம் கூடுகிறது. நிறுத்திவிடவா?
— வாசகர், நாகப்பட்டினம்

நிறுத்த வேண்டாம் தம்பி. அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1986இல் வெளியிட்ட ஆய்வில், கல்லூரி மாணவர்களைத் தங்களை மிகவும் பாதித்த சம்பவத்தைப் பற்றி நான்கு நாள், தினம் 15 நிமிடம் எழுதச் சொன்னார். எழுதி முடித்த கையோடு அவர்களுக்கும் மனசு கனத்துத்தான் போனது. ஆனால் அதற்கடுத்த மாதங்களில், சம்பவத்தோடு அதன் உணர்ச்சியையும் சேர்த்து எழுதியவர்கள் உடம்பு சரியில்லை என்று மருத்துவரிடம் போனது, சாதாரண விஷயங்களை எழுதியவர்களைவிடக் குறைவாக இருந்தது. அதனால் பாரம் கூடுவதைப் பார்த்துப் பயப்படாதீர்கள். கால் மணி நேரத்தோடு மூடி வைத்துவிடுங்கள், விடியவிடிய எழுத வேண்டாம்.

இதயம், கண்ணீர் விஷயத்துக்கு வருவோம். தூக்கம் வராத ராத்திரியைப் பற்றி ஔவையார் பாடியது குறுந்தொகையில் 28ஆம் பாட்டு, ஐந்தே வரி. காதல் நோயில் கிடக்கும் பெண் பேசுகிறாள். 'முட்டுவேன்கொல், தாக்குவேன்கொல்': காற்று சுழன்று அலைக்கிறது, என் நோய் தெரியாமல் ஊரே தூங்குகிறது, இந்த ஊரை நான் முட்டவா, மோதவா, ஆ ஓ என்று கத்தவா என்கிறாள். நெஞ்சு என்ற சொல்லே அதில் கிடையாது. காற்றும் தூங்குகிற ஊரும் அவள் கோபமும்தான் இருக்கின்றன, படிக்கும்போது நமக்கே சுவரில் முட்டிக்கொள்ளத் தோன்றுகிறது. பாபநாசம் பக்கத்து உத்தமதானபுரத்துக்காரர் உ.வே.சா. 1937இல் பதிப்பித்த உரையோடு படித்தால் சுலபமாகப் புரியும்.

இன்று ராத்திரி உங்கள் அறையில் இருப்பதை மட்டும் எழுதுங்கள். பழைய ஹால் டிக்கெட், அப்பா எதுவும் கேட்காமல் வைத்துவிட்டுப் போன டீயில் படிந்த ஆடை, மூன்று மணிக்குக் கடலுக்குக் கிளம்பும் படகின் சத்தம். வலி என்று எழுதாமலேயே வந்துவிடும்.

2018 நவம்பரில் கஜா புயலில் எங்கள் தென்னந்தோப்பு போனது. திரும்பக் கன்று வைத்தோம், கடனும் ஏறியது. நாலு மாதமாக வீட்டுக்காரர் சரியாகச் சாப்பிடுவதில்லை, தூங்குவதில்லை, 'நான் இருந்து என்ன ஆகப்போகிறது' என்கிறார். முன்பெல்லாம் நன்றாகப் பாடுவார். பாட்டு, கவிதை என்று ஏதாவது கொடுத்து மீட்கலாமா?
— வாசகி, பேராவூரணி பக்கம்

அம்மா, பாட்டு பிறகு. அந்தப் பேச்சை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வீட்டிலோ தோப்புக் கொட்டகையிலோ பூச்சி மருந்து இருந்தால் இன்றைக்கே வேறு வீட்டுக்கு மாற்றுங்கள். அவரைத் தனியாக விடாதீர்கள். 14416 என்ற எண்ணுக்கு எந்நேரமும் கூப்பிடலாம், டெலிமானஸ் என்ற அரசின் தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவை, இலவசம், தமிழில் பேசுவார்கள், நீங்களே கூப்பிட்டும் யோசனை கேட்கலாம். அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள், கூட நீங்களோ அவருக்குப் பிடித்த மச்சானோ போகலாம். 'சாகலாம் என்று தோன்றுகிறதா' என்று நேராகவே கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. மருந்து பிடித்து, தூக்கம் வந்து, அவராக ஒரு நாள் முணுமுணுத்தால் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள், பாடச் சொல்லிக் கட்டாயப்படுத்த வேண்டாம்.

பதிகம் பாடித் துயர் தீர்ந்தது என்று நம் பக்கத்துக் கோயில்களில் எத்தனையோ கதை சொல்கிறார்கள். நம்பிக்கை இல்லாதவர்களுக்கு அதில் ஏதாவது இருக்கிறதா?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், மயிலாடுதுறை

இருக்கிறது ஐயா. நாகை மாவட்டம் திருமருகலையே எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டைவிட்டுத் தன் முறைமாமனோடு வந்த பெண், கோயில் பக்கம் ராத்தங்கிய இடத்தில் அவனைப் பாம்பு தீண்டிவிடுகிறது. இன்னும் மணமாகாததால் அவன் உடலைத் தொட்டு அழக்கூட முடியாமல் கிடக்கிறாள். அந்தப் பக்கம் வந்த சம்பந்தர் பாடுகிறார், அவன் எழுகிறான் என்று முடிக்கிறது பெரியபுராணம். அவன் எழுந்ததை நம்பாதவரும் அந்தப் பதிகத்தின் முதல் பாட்டைப் படிக்கலாம். 'சடையாய் எனுமால், சரண் நீ எனுமால்': அவள் என்னென்ன சொல்லிக் கதறினாளோ அதை அப்படியே எடுத்துச் சொல்லிவிட்டு, பயந்து விழுகிறாள் என்கிறார். அப்புறம் மடையில் குவளை பூக்கும் மருகலை உடையவனே என்று கூப்பிடுகிறார். வயலும் வாய்க்காலுமாகச் செழித்த ஊர், நடுவில் ஒருத்தி தரையில் கிடக்கிறாள். விதி, பொறுத்துக்கொள் என்று அவளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. 'தகுமோ இவள் உள்மெலிவே' என்று அவள் பக்கம் நின்று சாமியிடம் நியாயம் கேட்கிறார்.