காணொளியில் மனசைப் பேசலாமா?

கேள்வி: எனக்கு வயது 58. சிங்கப்பூரில், ஈசூனில் மகன் குடும்பத்தோடு இருக்கிறேன். 12 வருடமாக இனிப்புநீர், ரத்தக்கொதிப்பு. கணவர் போனபிறகு தூக்கமில்லை, சில இரவுகளில் படபடப்பு வேறு. மருத்துவரைக் காணொளியிலேயே பார்க்கலாம் என்கிறார்கள். மனசு விஷயம் அதில் எடுபடுமா?

பதில்: எடுபடும், அம்மா. காலில் புண் என்றால் நேரில்தான் பார்க்கவேண்டும். மனசுக்கு முக்கால்வாசி பேச்சுதான். ஆனால் முதல் சந்திப்பு மட்டும் நேரில் இருக்கட்டும்.

சிக்கல் வீட்டுக்குள் இருக்கிறது. ஓர் அம்மா கழிவறையில் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு என்னிடம் பேசினார், மருமகள் காதில் விழக்கூடாதாம். எனக்குத் தண்ணீர்ச் சத்தம்தான் கேட்டது! பேரப்பிள்ளைகள் பள்ளிக்குப் போயிருக்கும் நேரமாகப் பார்த்துப் பதிவுசெய்யுங்கள். யாராவது பக்கத்தில் இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். 'ஆமாம்', 'இல்லை' என்று பதில் சொல்கிற மாதிரி மருத்துவர் கேட்பார். தமிழ் பேசும் மருத்துவரோ தாதியோ கிடைப்பார்களா என்றும் விசாரியுங்கள். பேரனை மொழிபெயர்க்க உட்காரவைத்தால் பாதியை விழுங்கிவிடுவீர்கள்.

அந்த இரவுப் படபடப்புதான் எனக்கு உறுத்துகிறது. சர்க்கரை இறங்கினாலும் படபடப்பு, வியர்வை, கைநடுக்கம் எல்லாம் வரும். துக்கத்தில் சோற்றைத் தள்ளிவிட்டு மாத்திரையை மட்டும் தவறாமல் போடுபவர்கள் உண்டு. இன்சுலினோ கிளிப்பிசைட் மாதிரி சர்க்கரையை இறக்கும் மாத்திரையோ எடுப்பவர்களுக்கு அது ஆபத்து. திரையில் பார்த்து இது பதற்றமா, சர்க்கரையா என்று எந்த மருத்துவராலும் சொல்லமுடியாது. படபடக்கும்போதே விரலைக் குத்திப் பாருங்கள். சர்க்கரை 4-க்கு (mmol/L) கீழே என்றால் உடனே மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். மணி, அளவு, கடைசியாக என்ன சாப்பிட்டீர்கள் என்று எழுதிவைத்து, சந்திப்பில் வாசித்துக்காட்டுங்கள். நாட்டு மருந்து உட்பட எல்லா மருந்தையும் கேமராவுக்கு முன் பரப்புங்கள். மனச்சோர்வு மருந்துகள் சில சர்க்கரையை ஏற்றும், சில இறக்கும்.

தூக்க மாத்திரையைக் காணொளியில் எதிர்பார்க்காதீர்கள். பழக்கமாகிவிடும் மருந்து என்பதால் சுகாதார அமைச்சின் விதிகள் கடுமை.

செலவுக்கு, மனச்சோர்வும் பதற்றக் கோளாறும் மெடிசேவ் (மருத்துவச் செலவுக்கான நம் சேமிப்புக் கணக்கு) பயன்படுத்தக்கூடிய நாட்பட்ட நோய்களில் அடக்கம். 2020 முதல் காணொளி மறுசந்திப்புக்கும் அது உண்டு.

'இருந்து என்ன பயன்' என்ற நினைப்பு வந்தால் மட்டும் சந்திப்புத் தேதிவரை காத்திருக்கவேண்டாம். தேசிய மனநல உதவி எண் 1771-ஐ அழையுங்கள், இல்லையென்றால் மனநலக் கழகத்தின் 6389 2222. நடு இரவிலும் எடுப்பார்கள்.